மூணாறு தலைப்பில் நீலத் திரை

மேட்டூர் திறந்த தண்ணீர்
நீடாமங்கலம் வந்து சேர்ந்த இரவில்
செக்‌ஷன் ஆபீஸ் கணினி
மூன்றாம் முறை நீலமானது.

கூத்தாநல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தேன்,
மடிக்கணினியைத் துப்பட்டாவில் சுற்றி.
மழை இல்லை. பூச்சிதான்.

அளவுமானி என்னுடையதல்ல,
அதைச் செருகிய பலகையும் அல்ல.
இரண்டையும் கெர்னலுக்குப் பேசவைக்கும்
டிரைவர் என்னுடையது.
மேல்மாடியில் ஒரு நிரல் தவறினால்
அது மட்டும் சாகும்.
இங்கே தவறினால் எந்திரமே கூடச் சாகும்.

லஸ்கர் அமிர்தகடேசன்
திரையில் டார்ச் அடித்தார்.
"இதுல தண்ணி எங்கம்மா இருக்கு?"

முன்பெல்லாம் எல்லாவற்றையும் நாமே எழுதவேண்டும்:
செருகினால், பிடுங்கினால், கரண்ட் போனால்,
தூங்கினால்,
தூங்கும்போதே பிடுங்கினால்.
ஆயிரம் வரி. ஒவ்வொன்றிலும் நண்டு வளை.
இப்போது சட்டகம் அதைச் சுமக்கிறது.
சில வேலைகளை எழுதி
பெயர் பதிந்து வைத்தால் போதும்.
நான் அதைக் கூப்பிடுவதில்லை,
வேளை வந்தால் அது என்னைக் கூப்பிடும்.

"எங்களுக்கும் அதே கதைதான்" என்றார்.
"தஞ்சாவூர்லேருந்து போன் வராம
ஒரு ஷட்டரத் தொட முடியாது."

டிரைவரின் கீழ் சாதனம்,
சாதனத்தின் கீழ் வரிசை,
மேலே உள்ளது போனால்
கீழே உள்ளதும் தானே போகும்,
தனித்தனியாகப் பாடை கட்ட வேண்டாம்.
யாராவது கையில் பிடித்திருந்தால் மட்டும்
விட்டுவைக்கும்,
பிடித்த கைகளை எண்ணிக்கொண்டு.
இதை அவரிடம் சொல்லவில்லை.
வெண்ணாறு வற்றினால்
கோரையாறும் பாமணியாறும் என்னாகும் என்று
அவருக்கு நானா சொல்வது.

சொன்னது ஒன்றுதான்.
வரிசைக்குள் வந்த எந்தக் கோரிக்கைக்கும்
பதில் சொல்லியாக வேண்டும்.
ஆச்சு, ஆகாது, ரத்து,
எதுவானாலும் சரி, ஒரே ஒருமுறை.
சொல்லாமல் விட்டால்
கேட்ட நிரல் அப்படியே உறைந்து நிற்கும்,
அதைக் கொல்லவும் முடியாது.
இருமுறை சொன்னால் நீலம்.

நான் இருமுறை சொல்லியிருந்தேன்.
மட்டம் கேட்ட நிரல்
பொறுமையிழந்து ரத்து செய்த அதே கணத்தில்
அளவுமானியும் பதிலோடு வந்து நின்றது.
ஒரு கோரிக்கை, இரண்டு கைகள்.
கோடையில் இது நேரவே இல்லை.
மணல் கிடக்கும் ஆற்றில்
யாருக்கு என்ன அவசரம்?

அவர் சுவரைப் பார்த்தார்.
கொக்கிக் கம்பியில் குத்திய மனுக்கள்,
எல்லாம் கடைமடையிலிருந்து.
மேலே உள்ளவை வெள்ளை,
கீழே போகப்போக மஞ்சள்,
அடியில் துருவா காகிதமா தெரியவில்லை.

"இல்லேன்னாவது சொல்லிடுமா?"

"சொல்லிடும்."

பீடியோடு வெளியே போனார்.
தண்ணீர் கதவுகளின் அடியில் இரைந்துகொண்டிருந்தது.

ரத்து செய்யும் உரிமையை
முதலில் திரும்பக் கேள்;
கைக்கு வந்தால் மட்டும் பதில் சொல்,
வராவிட்டால் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள், விலகு.
ஆறு வரி. மணி மூன்றே கால்.
பிடுங்கினேன், செருகினேன்,
நாற்பது முறை தூங்கவைத்து எழுப்பினேன்.
தூக்கத்தில் வந்த கோரிக்கைகள்
வரிசையிலேயே நின்று
வந்த ஒழுங்கில் வெளியே போயின.
விழவில்லை.

விடியும்போது திரையில் ஒன்று புள்ளி எட்டு இரண்டு.
அமிர்தகடேசன் நம்பவில்லை.
இறங்கிப்போய்
கல்லில் வெட்டிய அளவைப் பார்த்து வந்தார்.
"ஒண்ணு எம்பது."
இரண்டு சென்டிமீட்டர்.
அலையா, என் டிரைவரா, அவர் கண்ணா?
பதிவேட்டில் அவருடையதையே எழுதினார்.

பிறகு ஸ்டூலில் ஏறி
மனுக்களை மொத்தமாக உருவி
துருவை ஊதிவிட்டு
ஒவ்வொன்றாக மறுபடி குத்தினார்,
இன்று வந்ததை முதலில்,
அடியில் கிடந்தது
மேலே வரும்படி.

ஏஈ ஒன்பது மணிக்குத்தான் வருவார்.